ஓடையில் எவ்வளவு தண்ணீர் போகிறது? கயிறு, குச்சி, ஓர் ஆரஞ்சுப் பழம் வைத்து அளக்கும் முறை

"ஆத்துல தண்ணி எவ்வளவு போகுது?" என்று ஊரில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "முட்டளவு போகுது", "ரெண்டு கரையும் தொட்டுப் போகுது" என்றுதான் பதில் வரும். ஆழம் தெரிகிறது, அகலம் தெரிகிறது. ஒரு வினாடிக்கு எத்தனை லிட்டர் நம்மைத் தாண்டிப் போகிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. கடைமடைக்குத் தண்ணீர் எட்டுமா, தடுப்பணை எத்தனை நாளில் நிரம்பும், கோடையில் இந்த ஓடையை நம்பி மோட்டார் வைக்கலாமா என்று முடிவு செய்யத் தேவைப்படுவது அந்த எண்தான்.

அதைக் கண்டுபிடிக்கப் பொறியாளராக இருக்க வேண்டியதில்லை. ஒரு காலைப் பொழுதும் கூட ஓர் ஆளும் இருந்தால் போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூடக் கணக்கு எளிதாக வந்துவிடும்.

முதலில் கண் எங்கே ஏமாறுகிறது என்று பாருங்கள்

ஒரு ஓடையைக் கரையோரமாக நடந்து பாருங்கள். ஓரிடத்தில் மடு இருக்கும். தண்ணீர் பச்சையாக, நின்றுகொண்டிருப்பது போலத் தெரியும். கொஞ்சம் கீழே பாறையும் கூழாங்கல்லும் வந்ததும் அதே தண்ணீர் இரைச்சலோடு நுரைத்துக்கொண்டு ஓடும். புதிதாகப் பார்ப்பவர்கள் பாறைப் பகுதியில்தான் தண்ணீர் அதிகம் என்பார்கள். நடுவில் வேறு ஓடை வந்து சேரவில்லை, யாரும் தண்ணீர் எடுக்கவில்லை என்றால் இரண்டு இடத்திலும் வினாடிக்குப் போகும் அளவு ஒன்றுதான். மடுவில் இடம் பெரிது, அதனால் மெதுவாகப் போகிறது. பாறையில் இடம் குறைவு, அதனால் விரைந்து போகிறது.

ஆக, ஓட்டத்தின் அளவு என்பது இரண்டு எண்களின் பெருக்கல். ஓடையைக் குறுக்கே வெட்டினால் தண்ணீர் நிற்கும் பரப்பு ஒன்று. அந்தப் பரப்பைக் கடக்கும் வேகம் இன்னொன்று. பரப்பைச் சதுர மீட்டரிலும் வேகத்தை வினாடிக்கு மீட்டரிலும் எடுத்தால், பெருக்கி வருவது வினாடிக்குக் கன மீட்டர். இனி நாம் செய்யப்போவதெல்லாம் இந்த இரண்டையும் ஒழுங்காக அளப்பதுதான்.

வேகத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஓடையின் எல்லா இடத்திலும் அது ஒன்றாக இருக்காது. அடியில் மணலும் கல்லும் தண்ணீரை உரசிப் பிடித்து இழுக்கின்றன, கரையோரம் வேரும் புல்லும் இழுக்கின்றன. அதனால் அடியிலும் ஓரத்திலும் வேகம் குறைவு. நடுவில், மேற்பரப்பிலோ அதற்குச் சற்றுக் கீழேயோதான் அதிகபட்ச வேகம். மேலிருந்து கீழாகப் போனால் சராசரி வேகம் ஏறக்குறைய ஆழத்தின் பத்தில் ஆறு பங்கில் கிடைக்கிறது. அதனால்தான் நீர் அளவீட்டுக்காரர்கள் தங்கள் சுழல் கருவியை மேலிருந்து 0.6 பங்கு ஆழத்தில் பிடிக்கிறார்கள். ஆழமான ஆறானால் 0.2 பங்கிலும் 0.8 பங்கிலும் அளந்து சராசரி எடுப்பார்கள். நம்மிடம் கருவி இல்லை. மேலே மிதக்கும் பொருளின் வேகத்தை அளந்து, அதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வோம்.

இறங்குவதற்கு முன்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தால் புதியவர்கள் இறங்கவே வேண்டாம். வேகம் அதிகமென்றால் முழங்காலுக்குக் கீழே இருந்தாலும் வேண்டாம். வேகம் இரண்டு மடங்கானால் காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். கெண்டைக்கால் அளவு தண்ணீர் ஆளைச் சாய்ப்பது இதனால்தான்.

மலையடிவார ஓடைகளில் நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், மேலே மலையில் மழை கொட்டியிருக்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படித் திடீரென்று வந்த வெள்ளத்தில் ஒரு சிறுவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். தெளிந்த தண்ணீர் சட்டென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியுமாக மிதந்து வர ஆரம்பித்தாலோ, இரைச்சல் மாறினாலோ, அளவெடுப்பதை அப்படியே விட்டுவிட்டுக் கரையேறுங்கள். கயிறும் டேப்பும் போனால் போகட்டும்.

சமவெளி ஆறுகளில் ஆபத்து வேறு மாதிரி. மணல் அள்ளிய குழி மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஒரு எட்டு முன்பு வரை கணுக்கால் தண்ணீர், அடுத்த எட்டில் ஆளை முழுங்கும். எனவே ஊன்றுகோலால் முன்னால் குத்திப் பார்த்துத்தான் ஒவ்வொரு அடியும் வைக்க வேண்டும். அந்தத் துறையில் தினமும் மாடு குளிப்பாட்டுகிறவரிடம் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள், எந்த வரைபடமும் அவருக்கு ஈடாகாது. கொள்ளிடத்தில் அணைக்கரைப் பக்கமெல்லாம் முதலை உண்டு என்பதையும் சொல்லி வைக்கிறேன். அணைக்குக் கீழே உள்ள ஆறென்றால் தண்ணீர் திறப்பு அறிவிப்பைப் பார்க்காமல் இறங்காதீர்கள். காட்டுக்குள் இருக்கும் ஓடைக்கு வனத்துறை அனுமதி வேண்டும்.

என்னென்ன வேண்டும்

30 மீட்டர் டேப், இரண்டு நைலான் கயிறு, நான்கு முளைக்குச்சி, செ.மீ. குறித்த நேரான ஒரு மூங்கில், நேரம் பார்க்கக் கைபேசி, ஒரு நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், நனைந்த தாளில் எழுதாது. மிதக்க விட ஆரஞ்சுப் பழம் நாலைந்து.

ஆரஞ்சைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது முக்கால்வாசி தண்ணீருக்குள் மூழ்கியபடி மிதக்கும், அதனால் காற்று அதைத் தள்ளாது. நிறம் தூரத்திலிருந்தே தெரியும். தவறிப் போய்விட்டாலும் ஆற்றுக்குக் கேடில்லை. காய்ந்த இலை, தெர்மாக்கோல், காலி பாட்டில் எல்லாம் தண்ணீரோடு போவதைவிடக் காற்றோடு போவதே அதிகம். ஆடி மாதத்தில் தென்காசிப் பக்கம் அடிக்கும் காற்றில் காலி பாட்டிலை விட்டால் அது எதிர்த்திசையில் போனாலும் ஆச்சரியமில்லை. ஆரஞ்சு கிடைக்காவிட்டால் சிறிய பாட்டிலில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பி மூடி விடலாம், ஆனால் கீழே ஓர் ஆளை நிறுத்தி அதைத் திரும்ப எடுத்துவிட வேண்டும். எலுமிச்சையும் சரிதான், ஆனால் சில பழம் மூழ்கிவிடும். வீட்டிலேயே வாளியில் போட்டுப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

அளவை மீட்டரிலா அடியிலா எடுப்பது? நம் ஊரில் பேச்செல்லாம் கன அடிதான். ஆனால் ஆழத்தை அங்குலத்தில் எடுத்து 12ஆல் வகுத்துக்கொண்டிருப்பது தேவையில்லாத தலைவலி. எல்லாவற்றையும் மீட்டரிலேயே எடுத்துவிட்டு, கடைசியில் வரும் கன மீட்டரை 35.3ஆல் பெருக்குங்கள். கன அடி வந்துவிடும்.

படி 1: இடம் பார்ப்பது

பாதி வேலை இதில்தான் இருக்கிறது. இடம் சரியில்லை என்றால் அப்புறம் எவ்வளவு கவனமாக அளந்தும் பயனில்லை.

குறைந்தது 10 மீட்டர், முடிந்தால் 20 மீட்டர் நீளத்துக்கு ஓடை நேராகப் போக வேண்டும். வளைவு ஆகாது. வளைவில் தண்ணீர் வெளிக்கரையை நோக்கித் தள்ளப்பட்டு அங்கே ஆழமாகவும் வேகமாகவும் ஓடும். உட்கரையில் மெதுவாகி மணலைப் போட்டுவிட்டுப் போகும். அந்தக் கோணலை நம் எளிய கணக்கு தாங்காது. நடுவில் பெரிய பாறை, விழுந்த மரம், ஆகாயத்தாமரைக் கூட்டம் இருக்கக் கூடாது. தண்ணீர் பின்னோக்கிச் சுழலும் இடமும் கூடாது. தடுப்பணைக்கு நேர் மேலே தேங்கியும், நேர் கீழே கொந்தளித்தும் இருக்கும் என்பதால் இரண்டையும் விட்டு நன்றாகத் தள்ளிப் போங்கள்.

ஒரு பிடி சருகைத் தூவி விட்டுப் பாருங்கள். எல்லாம் ஏறக்குறைய நேர்கோட்டில் போனால் நல்ல இடம். சுற்றிக்கொண்டு நின்றால் வேறு இடம் பாருங்கள்.

படி 2: குறுக்கு வெட்டு

தேர்ந்த நீளத்தின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் ஓடைக்குக் குறுக்கே ஒவ்வொரு கயிறு கட்டுங்கள். கயிறு ஓட்டத்துக்குச் செங்குத்தாக, தொய்யாமல் இருக்க வேண்டும். இடையே உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

இனி மேல்கயிற்றை ஒட்டி ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நடந்தபடி, சம இடைவெளியில் ஆழம் பாருங்கள். 4 மீட்டர் ஓடையில் அரை மீட்டருக்கு ஒன்று சரியாக இருக்கும். அகலமானால் இடைவெளியைக் கூட்டலாம், ஆனால் மொத்தம் எட்டு பத்து இடத்துக்குக் குறைய வேண்டாம். மூங்கிலைச் செங்குத்தாகப் பிடியுங்கள். மணலில் அழுத்திக் குத்தாமல் மெல்ல ஊன்றுங்கள். வேகமான தண்ணீர் குச்சியின் முன்பக்கம் ஏறி நிற்கும், அந்த உயரத்தைப் படிக்காமல் பக்கவாட்டில் தெரியும் மட்டத்தைப் படியுங்கள். நீங்கள் குச்சிக்குக் கீழ்ப்பக்கம் நிற்க வேண்டும். மேல்பக்கம் நின்றால் உங்கள் காலே ஓட்டத்தைக் கலைத்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. 4 மீட்டர் அகலம், அரை மீட்டர் இடைவெளி. கரையோரம் 0, பிறகு 12, 25, 34, 40, 36, 22, 10 செ.மீ., மறு கரையில் 0. இரண்டு கரையிலும் சுழி என்பதால் கணக்கு சுலபம்: நடுவில் உள்ள ஏழு ஆழங்களையும் கூட்டி இடைவெளியால் பெருக்கினால் போதும். கூட்டினால் 179 செ.மீ., அதாவது 1.79 மீட்டர். அரை மீட்டரால் பெருக்கினால் 0.895 சதுர மீட்டர். கீழ்க்கயிற்றிலும் இதே போல எடுத்து இரண்டுக்கும் சராசரி பார்த்துக்கொள்வது நல்லது. இங்கே இரண்டும் ஒன்றாக வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

கரை செங்குத்தாக இருந்து, ஓரத்திலேயே ஆழம் இருந்தால் அந்த ஆழத்தில் பாதியை மட்டும் கூட்டலில் சேர்க்க வேண்டும். சிமெண்ட் வாய்க்காலில் இது தேவைப்படும்.

படி 3: வேகம்

ஒருவர் மேல்கயிற்றுக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னாலிருந்து பழத்தை விட வேண்டும், எறியக் கூடாது. அது தண்ணீரின் வேகத்தைப் பிடித்துக்கொள்ள அந்தத் தூரம் தேவை. பழம் மேல்கயிற்றைத் தாண்டும்போது "ம்" என்று குரல் கொடுங்கள். கீழ்க்கயிற்றில் நிற்பவர் அப்போது நேரத்தை ஓட விட்டு, பழம் தன்னைத் தாண்டும்போது நிறுத்துவார்.

ஒரு முறை போதாது. நடுவில், இடப்பக்கம், வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி விடுங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று முறையாவது. நடுவில் மட்டும் விட்டால் ஓடை உண்மையில் போவதைவிட வேகமாகப் போவதாகக் கணக்கு வரும். எங்காவது சிக்கி நின்ற ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பழம் 10 மீட்டரைப் பத்து வினாடிக்குள் கடந்துவிட்டால் தூரம் போதவில்லை என்று பொருள். கையைத் தட்டி நிறுத்துவதில் வரும் அரை வினாடிப் பிசகே அங்கே பெரிதாகிவிடும். கயிற்றைத் தள்ளிக் கட்டுங்கள்.

நம் எடுத்துக்காட்டில் 10 மீட்டருக்கு எல்லா ஓட்டங்களின் சராசரி 20 வினாடி. மேற்பரப்பு வேகம் வினாடிக்கு 0.5 மீட்டர். இதை அப்படியே எடுத்தால் மிகை. அடியில் உரசும் தண்ணீரையும் சேர்த்துப் பார்க்க, மணல் அல்லது மண் தரை ஓடைக்கு 0.85ஆல் பெருக்குவது வழக்கம். வழவழப்பான சிமெண்ட் வாய்க்காலுக்கு 0.9 வரை போகலாம். கல்லும் முள்ளுமாக இருந்தால் 0.8, ஆழமே இல்லாமல் பாறை மேல் தத்திப் போகும் ஓடையானால் இன்னும் குறைவு. இந்த எண்ணில் சண்டை போட்டுக்கொண்டிருக்க வேண்டாம். ஒன்றைத் தேர்ந்து நோட்டில் எழுதி வைத்து, அந்த இடத்துக்கு எப்போதும் அதையே பயன்படுத்துங்கள்.

படி 4: பெருக்கல்

0.895 × 0.5 × 0.85 = 0.38 கன மீட்டர், வினாடிக்கு. அதாவது 380 லிட்டர். 35.3ஆல் பெருக்கினால் 13.4 கன அடி.

12,000 லிட்டர் தண்ணீர் லாரியை இது அரை நிமிடத்தில் நிரப்பிவிடும். ஒரு நாளுக்கு 3 கோடியே 28 லட்சம் லிட்டர். விவசாயிக்குச் சொல்வதானால் வேறு கணக்கு: வினாடிக்கு 1 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு ஏக்கரில் ஏறத்தாழ 2 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். 13.4 கன அடி என்றால் 26 ஏக்கரில் ஒரு அடி. முழங்காலைத் தாண்டாத, சாதாரணமாகத் தோன்றும் ஓடையில்!

இந்த முறையில் நூற்றுக்கு இருபது முன்னே பின்னே இருக்கும். அதனால் விடையை 13.42 என்று எழுதுவது வீண் பெருமை. "13 கன அடி போல" என்று எழுதுங்கள், அதுவே நேர்மை. துல்லியம் கூட வேண்டுமென்றால் ஓடையை மூன்று நான்கு பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையின் பரப்பையும் அந்தப் பட்டையில் ஓடிய பழத்தின் வேகத்தால் பெருக்கிக் கடைசியில் கூட்டுங்கள்.

தண்ணீர் ரொம்பக் குறைவென்றால்

சுனை, ஊற்று, கசிவு நீர் ஆகியவற்றில் பழம் மிதக்காது. குழாய் அல்லது பாளை வழியாகத் தண்ணீரை ஒரே இடத்தில் விழ வைத்து, வாளி நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். 15 லிட்டர் வாளி 6 வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு 2.5 லிட்டர், நாளுக்கு 2,16,000 லிட்டர். இந்த முறைதான் எல்லாவற்றிலும் துல்லியமானது. வாளி பிடிக்குமளவு தண்ணீர் இருக்கும்போது வேறு வழியைத் தேடவே வேண்டாம்.

வாளிக்கு அதிகம், பழத்துக்குக் குறைவு என்ற நிலைக்குத்தான் வி-வெட்டுப் பலகை. தகரத்திலோ பிளைவுட்டிலோ மேல்விளிம்பிலிருந்து 90 பாகையில் ஒரு வி வடிவ வெட்டு வெட்டி, அதை ஓடையின் குறுக்கே நிறுத்தி, பக்கமும் அடியும் களிமண் வைத்து அடைத்துவிடுங்கள். எல்லாத் தண்ணீரும் அந்த வெட்டு வழியாகவே போய், மறுபக்கம் இடைவெளி விட்டு விழ வேண்டும். வெட்டின் அடிமுனையிலிருந்து தண்ணீர் மட்டம் எவ்வளவு உயரம் என்பதை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் அந்த உயரத்தை வெட்டின் வாயிலேயே அளக்காதீர்கள், அங்கே தண்ணீர் வளைந்து இறங்கியிருக்கும். உயரத்தைப் போல நாலு மடங்கு தூரமாவது மேலே தள்ளி அளக்க வேண்டும்.

உயரம் 10 செ.மீ. என்றால் வினாடிக்கு 4.4 லிட்டர். 15 செ.மீ. என்றால் 12 லிட்டர். 20 செ.மீ. என்றால் ஏறக்குறைய 25 லிட்டர். உயரம் இரட்டித்ததும் அளவு ஐந்தரை மடங்குக்கு மேல் போய்விட்டதைக் கவனியுங்கள். வெட்டு மேலே போகப் போக அகலமாகிறது, வேகமும் கூடுகிறது.

தினமும் ஆற்றில் இறங்க முடியாதே

முடியாதுதான். அதற்குத்தான் அளவுகோல் நடுவது. வெள்ளம் பிடுங்காத ஒரு பாறையிலோ, பழைய படித்துறைச் சுவரிலோ, செ.மீ. கோடு போட்ட ஒரு பட்டையைப் பெயிண்டால் வரைந்துவிடுங்கள். சுவர் ஊராருடையதென்றால் கேட்டுவிட்டு வரையுங்கள், அரசுக் கட்டுமானத்தில் கை வைக்க வேண்டாம். பாலத்தூணில் ஏற்கெனவே அளவு போட்டிருந்தால் அதையே பயன்படுத்தலாம். சுழி எங்கே தொடங்குகிறது என்பது முக்கியமில்லை, அது நகராமல் இருந்தால் சரி.

தினமும் ஒரே நேரத்தில் அந்த மட்டத்தைப் படித்து எழுதுங்கள். வெவ்வேறு மட்டம் இருக்கும் நாட்களில், இறங்கத் தக்க அளவு தண்ணீர் இருக்கும்போது மட்டும், மேலே சொன்ன முறையில் ஓட்டத்தையும் அளந்துவிடுங்கள். ஆறேழு மட்டங்களுக்கு அளவு கிடைத்ததும் வரைபடத் தாளில் ஒரு பக்கம் மட்டம், மறு பக்கம் கன அடி என்று புள்ளி வைத்து ஒரு வளைகோடு வரையுங்கள். அதன் பிறகு மட்டத்தைப் பார்த்தாலே கன அடியைச் சொல்லிவிடலாம். காவிரியில் தமிழக எல்லையான பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் வைத்திருக்கும் அளவீட்டு நிலையமும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்கிறது, கருவிகள்தான் வேறு.

அந்தக் கோடு நேர்கோடாக வராது. அகலமான ஆற்றில் ஆழம் இரண்டு மடங்கானால் ஓட்டம் மூன்று மடங்குக்கும் மேல் ஆகும், ஏனென்றால் பரப்பும் கூடுகிறது, வேகமும் கூடுகிறது. "நேற்றைவிட ஒரு அடிதானே ஏறியிருக்கிறது" என்று வெள்ளக் காலத்தில் அலட்சியமாக இருப்பவர்களுக்கு இந்தக் கோட்டைக் காட்ட வேண்டும். கோட்டை அது முடியும் இடத்துக்கு மேல் கற்பனையாக நீட்டி வெள்ளத்தைக் கணிக்கப் போகாதீர்கள். ஒரு பெரிய வெள்ளம் வந்து மணல் படுகை இடம் மாறினாலும், யாராவது மணல் அள்ளினாலும் பழைய கோடு செல்லாது. மறுபடி அளக்க வேண்டும்.

சில மாதம் எழுதினாலே உங்கள் ஓடையின் குணம் புலப்படும். மழைக்கு மட்டம் விறுவிறுவென்று ஏறும், இறங்குவது மட்டும் நிதானமாக நடக்கும். காட்டுமரமும் சோலையும் இருக்கும் மலையிலிருந்து வரும் ஓடைக்கு இறக்கம் நாள்கணக்கில் நீளும். மொட்டைக் கரட்டிலிருந்து வருவது ஏறிய வேகத்திலேயே வற்றிவிடும். தாமிரபரணி கோடையிலும் முழுக்க வற்றாமல் வருவதற்குப் பொதிகை மலைக் காடுகளும், தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் அங்கே பெய்வதும் காரணம். நோட்டில் எல்லா அளவையும்விட மதிப்புள்ளது பங்குனி, சித்திரையில் எடுக்கும் அளவுதான். மழையில்லாத காலத்தில், மண்ணுக்குள்ளிருந்து கசிந்து வரும் தண்ணீர் அது. அதை நம்பித்தான் மோட்டாரோ குடிநீர்த் திட்டமோ போட வேண்டும். ஐப்பசியில் அளந்துவிட்டுத் திட்டம் போட்டவர்கள் சித்திரையில் லாரிக்குக் காத்திருப்பார்கள்.

பாலாறு போன்ற ஆறுகளில் இதெல்லாம் எடுபடாது. மேலே வெறும் மணல், தண்ணீர் மணலுக்குள் நகர்ந்துகொண்டிருக்கும். ஊற்றுத் தோண்டி, நிலத்தடி மட்டத்தைத்தான் கவனிக்க வேண்டும். அது தனிப் பாடம்.

செய்தித்தாள் எண்களைப் படிப்பது

சொந்த ஓடையை ஒருமுறை அளந்துவிட்டால் பேப்பரில் வரும் எண்கள் பேச ஆரம்பிக்கும். "மேட்டூர் அணைக்கு நீர்வரத்து 10,000 கன அடி" என்று போட்டிருந்தால் அது எப்போதும் வினாடிக்குத்தான், எழுதாமல் விட்டிருப்பார்கள். 1 கன அடி 28.3 லிட்டர். ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. இது ஓட்டம் அல்ல, கொள்ளளவு. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும். இந்த ஓர் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டால் போதும்.

பயன்படுத்திப் பாருங்கள். மேட்டூரின் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அணை காலியாக இருந்து, வெளியே ஒரு சொட்டும் விடாமல், 10,000 கன அடி வந்துகொண்டே இருந்தால் நிரம்ப 108 நாள் ஆகும். ஒரு லட்சம் கன அடி வந்தால் 11 நாள். மட்டத்தைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். முழு மட்டம் 120 அடி, ஆனால் 100 அடியில் இருப்பது ஏறக்குறைய 65 டி.எம்.சி. மட்டுமே. பள்ளத்தாக்கு மேலே போகப் போக விரிவதால் கடைசி 20 அடியில் மட்டும் 28 டி.எம்.சி. போல அடங்கிவிடுகிறது.

2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பிலிகுண்டுலுவில் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று தீர்ப்பளித்தது. ஆண்டு முழுக்கச் சமமாகப் பிரித்தால் வினாடிக்கு 5,620 கன அடி. நடைமுறையில் மாதத்துக்கு மாதம் வேறு அளவுதான், ஆனால் எண்ணின் பருமன் பிடிபடுகிறது அல்லவா?

திறந்த தண்ணீர் உடனே வந்து சேராது என்பதும் நினைவிருக்கட்டும். 2022ல் மேட்டூர் மே 24 அன்று திறக்கப்பட்டது, கல்லணை மே 27 அன்று. காய்ந்து கிடக்கும் மணல் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும், அப்புறம்தான் முன்னே விடும்.

இரண்டு இடத்தில் அளப்பது

புதியவர்கள் கொஞ்சம் கை பழகியதும் செய்ய வேண்டியது இது. வாய்க்காலில் தலைமடைப் பக்கம் ஓரிடம், கடைமடைப் பக்கம் ஓரிடம். ஒரே நாளில், மதகு எதையும் கூட்டிக் குறைக்காத நேரத்தில், இரண்டையும் அளந்துவிடுங்கள். நடுவில் பிரியும் கிளை வாய்க்கால்களையும் சேர்த்து அளக்க வேண்டும். மேலே 20 கன அடி, கிளைகளில் மொத்தம் 8, கீழே 5 என்று வந்தால், மீதி 7 எங்கே? மண் கரையில் கசிகிறதா, எலிவளை வழியாகப் போகிறதா, யாராவது இரவில் குழாய் போட்டிருக்கிறார்களா? இடையில் இன்னும் இரண்டு இடத்தில் அளந்தால் எந்தத் துண்டில் குறைகிறது என்று தெரிந்துவிடும். அந்தத் துண்டை மட்டும் நடந்து பார்த்தால் போதும்.

அளக்கும்போது இரண்டு பக்கத்து ஆட்களையும் கூட வைத்துக்கொள்ளுங்கள். பழத்தை ஒருவர் விடட்டும், நேரத்தை மற்றவர் பார்க்கட்டும். நீர்க்கட்டியோ (வயல்களுக்குத் தண்ணீர் பிரித்து விடும் ஊர்க்காரர்) லஸ்கரோ (மதகைப் பார்த்துக்கொள்ளும் அரசுப் பணியாளர்) இருந்தால் அவரும் வரட்டும், மதகு நிலவரம் அவருக்குத்தான் தெரியும். மேலே 20, கீழே கிளைகளோடு சேர்த்து 17 என்று வந்தால் அது நம் அளவின் பிசகாகவே இருக்கலாம். அதை வைத்து யார் மேலும் மனு எழுத வேண்டாம். அடுத்த வாரம், காற்றில்லாத ஒரு காலையில், இன்னொரு தரம் அளந்து பாருங்கள்.